கிராம்புக் குரல்

அந்த சோபாவில் உட்காராதீங்க அண்ணே. எழுப்பி விட்டுருவாங்க. நானும் முதலில் அங்கேதான் போய்ச் சாய்ந்தேன். இங்கே வேலை பார்க்கிற கொம்பையா அண்ணன் ஓடி வந்து, "பாப்பா, அது கஸ்டமருக்கு" என்றார். நாற்பது சோபா கிடக்கிற கடையில் நமக்கு இந்த இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிதான். அதிலும் உங்களுடையதற்கு ஒரு காலில் டேப் சுற்றியிருக்கிறது. பார்த்து உட்காருங்க.

லேப்டாப் பைதானே அது? நினைத்தேன். மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருக்கிறீங்களே, அதிலேயே தெரிந்துவிட்டது. வெப்சைட் செய்து தருகிற ஆள். என் அக்காவும் அப்படித்தான் பிடிப்பாள், பஸ்ஸில் பிள்ளையைத் தூக்கி வருகிற மாதிரி. கடைக்கார அண்ணாச்சி உங்களிடம் என்ன சொல்லி வரச் சொன்னார்? இருங்க, இருங்க, வாயைத் திறக்காதீங்க. நானே சொல்றேன்.

"தம்பி, சின்ன வேலதான். ரெண்டு நாள் வேல. போட்டோ இருக்கு, வெல இருக்கு, எல்லாம் இருக்கு. நீ சும்மா ஏத்திவிட்டாப் போதும். ஒரு பட்டன் அமுக்குத வேலதான?"

சிரிக்கிறீங்க! சரியாக வந்துவிட்டது, இல்லையா? சத்தமே வராமல் தோளை மட்டும் குலுக்கிச் சிரிக்கிறீங்க, நல்ல சிரிப்பு. அண்ணாச்சி குரலுக்கு ஒரு வித்தை இருக்கிறது அண்ணே. அவர் எந்நேரமும் வாயில் ஒரு கிராம்பை அடக்கியிருப்பார், இடது கன்னத்தில். அதனால் பேச்சு வலது பக்கமாக வழுக்கி மூக்கு வழியாக வெளியே வரும். நானும் ஒரு கிராம்பு போட்டுப் பார்த்தேன், அப்படியே வந்துவிட்டது. இப்போதுகூடப் பையில் நாலைந்து கிடக்கும்.

எனக்கு எல்லாக் குரலும் வரும். பிளஸ் டூ படிக்கிறேன், பெனிட்டா என்று பெயர். எங்கள் தலைமையாசிரியை குரலில் ஒருநாள் பக்கத்து வகுப்புக்கு லீவு விட்டேன். முப்பத்தெட்டுப் பேர் வீட்டுக்கே போய்விட்டார்கள். அது தனிக் கதை. அண்ணாச்சி மாடியில் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார், இறங்கி வர நேரமாகும். அதுவரைக்கும் நம் கதையைக் கேளுங்க.

என் அக்கா பெயர் சுகிர்தா. மூன்று வருஷமாக வீட்டிலிருந்தே வெப்சைட் செய்து கொடுக்கிறாள். கொடுத்தாள். அம்மாவுக்குப் பள்ளிக்கூடச் சத்துணவில் வேலை. அம்மா போய்விட்டால் வீட்டில் நானும் அக்காவும்தான். அக்காவிடம் வருகிற ஆட்கள் இருக்கிறார்களே, ஒருத்தருக்கும் எழுதத் தெரியாது அண்ணே. படித்தவர்கள்தான், ஆனாலும் எல்லாமே வாய்ஸ் நோட்டு. ஒரு டியூஷன் சென்டர் சார் உண்டு, கேள்வியும் அவரே, பதிலும் அவரே. "வெப்சைட் எப்படி இருக்கணும்? நல்லா இருக்கணும். எப்போ வரணும்? நாளைக்கு வரணும். புரிஞ்சுதா? புரிஞ்சுது." ஒரு பியூட்டி பார்லர் அக்கா உண்டு. "டார்லிங், எனக்கு என்ன வேணும்னு உனக்கே தெரியும்ல? ஆனா நீ பண்ணுனது அது இல்லடா செல்லம்."

அக்கா சாயங்காலம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். "பெனி, அந்த சார் மாதிரிப் பேசேன்" என்பாள். பேசுவேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். சிரித்துவிட்டுத் திரும்பவும் போய் உட்கார்ந்து வேலை பார்ப்பாள். அப்படித்தான் ஓடியது. ஒரு வகையில் பார்த்தால் அந்த வெப்சைட் எல்லாம் ஓடியதே என்னால்தான்.

அப்புறம்தான் பொன்னுராஜ் அண்ணாச்சி வந்தார். அவருக்கு மொத்தம் ஏழு கடை. இந்தக் கோவில்பட்டிக் கடை ஒன்றுக்கு மட்டும் முதலில். ரெண்டு நாள் வேலை என்றார். அக்கா தலையாட்டினாள். ஐந்து மாதம் ஆயிற்று.

முதலில் சோபாவைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி வேண்டும் என்றார். "படத்தப் பாத்தா மெத்துன்னு தெரியணும் தாயி. கைய வச்சா அமுங்கணும்." போனிலா அண்ணாச்சி என்று அக்கா கேட்டாள். "ஏன், இப்பதான் என்னென்னமோ வந்திருக்குல்லா?" அப்புறம், உலகத்தில் எவன் கட்டில் என்று தேடினாலும் முதலில் நம் கடை வரவேண்டும். உலகத்தில்! அதுவும் வெள்ளிக்கிழமைக்குள், ஏனென்றால் வெள்ளிக்கிழமை அவர் சம்பந்தி வருகிறார்.

மஞ்சள் கதையைக் கேட்டால் அழுவீங்க. "வெள்ள ஏன் மஞ்சளா இருக்கு?" என்று மூன்று வாரம். அக்கா வெள்ளையை மாற்றி மாற்றிப் பதினொரு வெள்ளை போட்டாள். எனக்கெல்லாம் பதினொன்றும் ஒரே வெள்ளைதான். கடைசியில் கடைக்கே வந்து அவர் போனை வாங்கிப் பார்த்தால், கண் கூசாமல் இருக்க மருமகன் மஞ்சள் வெளிச்சம் போட்டுக் கொடுத்திருக்கிறார். அக்கா அதை அணைத்துக் காட்டினாள். அண்ணாச்சி பார்த்தார். "இப்பக் கண்ணு கூசுதே" என்று திரும்பப் போட்டுக்கொண்டார். போட்டுக்கொண்டு சொன்னார்: "அந்த மஞ்சள நீ உன் பக்கத்துலயே எடுத்துரு தாயி."

உங்களுக்கும் வரும். முதல் வேலையாக அவர் போனை வாங்கிப் பாருங்க.

எல்லாம் முடிந்ததும் கடைசியில் ஒரு வாய்ஸ் நோட்டு வரும். ஒவ்வொரு தடவையும். "பாத்தேம்மா. பரவால்ல. ஆனா ஏதோ ஒண்ணு கொறையுதே தாயி." என்ன குறைகிறது என்று சொல்ல மாட்டார். அவருக்கே தெரியாது. அக்கா விடிந்ததும் அதைத்தான் தேடிக்கொண்டிருப்பாள். சாப்பிடும்போதுகூட, "பெனி, என்னடி குறையுது?" என்பாள். நான் உடனே கிராம்பைப் போட்டுக்கொண்டு, "உப்புக் கொறையுது தாயி" என்பேன். சிரிப்பாள். அப்புறம் அப்புறம் சிரிப்பது குறைந்தது.

நீங்களே பாருங்களேன். போனை எடுங்க. அக்கா செய்த வெப்சைட்டின் டெமோ லிங்க் இன்னும் இருக்கிறது, இப்படிக் கொடுங்க, நானே அடித்துத் தருகிறேன். வந்ததா? கீழே தள்ளுங்க. கட்டில், மேஜை, ம், இன்னும் கீழே. அதுதான். 'உங்கள் வீட்டு வாசல் எவ்வளவு அகலம்?' அது என் அக்காவே யோசித்துச் செய்தது. எங்கள் வாடகை வீட்டு வாசல் சின்னது. பீரோ வாங்கி வந்த அன்று உள்ளே நுழையவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க வெளியிலேயே நின்றது, தார்ப்பாய் போர்த்திக்கொண்டு. அந்த ஞாபகத்தில் செய்தாள். வாசல் அகலத்தைப் போட்டால், எது நுழையும், எது நுழையாது, எதைக் கழற்றி உள்ளே மாட்டலாம் என்று ஒவ்வொரு சாமானுக்கும் சொல்லும். அதற்காக டேப் எடுத்துக்கொண்டு வந்து இந்தக் கடையில் இருக்கிற அத்தனை பீரோவையும் அளந்தாள். கொம்பையா அண்ணன்தான் ஒரு முனையைப் பிடித்தார்.

அண்ணாச்சி என்ன சொன்னார் தெரியுமா? "நுழையாதுன்னு நாம ஏம்மா சொல்லணும்? வாங்குனவன் பாத்துக்கிடுவான்."

இந்தச் சமயத்தில்தான் கோயம்புத்தூர் வந்தது. அங்கே ஒரு கம்பெனியில் அக்காவை வேலைக்குக் கூப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் வருகிறேன் என்று எழுத வேண்டும். அக்கா சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. ஆனால் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தாள். துணி மடித்து வைத்தாள். என் நீலச் சுடிதாரையும் எடுத்து வைத்திருந்தாள் அண்ணே. அதற்குத்தான் எனக்குக் கோபம் வந்தது. வேறு எதற்கும் இல்லை. அவள் போனால் எனக்கு ரூம் முழுசாகக் கிடைக்கும், நான் எதற்குக் கவலைப்படணும்?

செவ்வாய்க்கிழமை. பள்ளிக்கூடம் அரை நாள்தான். வீட்டுக்கு வந்தால் பாத்ரூமில் தண்ணீர் விழுகிற சத்தம். வாளி நிரம்பி வழிகிற சத்தம். வழிந்துகொண்டே இருக்கிறது. அக்கா தண்ணீரை வீணாக்குகிறவளே இல்லை. கதவில் காதை வைத்துக் கேட்டேன், தண்ணீர்ச் சத்தத்துக்குள்ளே விசும்பல். மேஜையில் போன் கிடந்தது, அண்ணாச்சி வாய்ஸ் நோட்டு. போட்டுக் கேட்டேன். "பாத்தேம்மா. ஏதோ ஒண்ணு கொறையுதே. முதல்லருந்து ஒருக்கா பண்ணிப் பாரேன்."

நான் நேரே ரஹ்மத் வீட்டுக்குப் போனேன். என் கூடப் படிக்கிறவள். அவளிடம் ஒரு புது சிம் இருந்தது, யாருக்கும் நம்பர் தெரியாது. அண்ணாச்சிக்கு ஒரு பழக்கம் உண்டு, கையில் கிடைக்கிற போனில் பேசுவார். டிரைவர் போன், கொம்பையா அண்ணன் போன், ஒருதடவை கடைக்கு வந்த கஸ்டமர் போன். அதனால் தெரியாத நம்பரில் வந்தாலும் அக்கா நம்புவாள். அண்ணாச்சி குரலில், வெப்சைட்டில் சோபா சுற்ற வேண்டும், சுற்றும்போது நாதஸ்வரம் கேட்க வேண்டும் என்று கேட்கப்போகிறேன், அக்கா பதறுவாள், நான் கதவுக்குப் பின்னாலிருந்து குதிப்பேன், இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்போம். இதுதான் திட்டம். ரஹ்மத் மைக்கை அமுக்கிப் பிடித்தாள். நான் கிராம்பைப் போட்டேன்.

வாயைத் திறந்தால் வேறு வருகிறது.

"ஏம்மா சுகிர்தா, அண்ணாச்சி பேசுதேன். இது டிரைவர் போனு. மத்தியானம் சாப்பிட்டுட்டு உக்காந்து முழுசாப் பாத்தேன் தாயி. நல்லாருக்கு. கொறையே இல்ல. ஏழு கடைக்கும் நீயே பண்ணிரு. வேற எங்கயும் போயிராத, என்ன?"

பத்தொன்பது விநாடி. அந்தக் கடைசி வரி சும்மா அந்த ஓட்டத்தில் வந்தது. கிராம்பு வாயில் இருந்தால் அப்படித்தான், குரல் தானாகப் பேசிக்கொண்டு போகும். ரஹ்மத் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ஏன்டி உனக்குக் கண்ணு கலங்குது?" என்றாள். கிராம்பு காரம் என்றேன்.

வீட்டுக்கு ஓடினேன். ஐந்து நிமிஷத்தில் உண்மையை உடைத்துவிடலாம் என்றுதான் ஓடினேன். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து போனைக் காதில் வைத்திருந்தாள். ஒருதடவை கேட்டாள். இன்னொரு தடவை. அம்மா வந்ததும் ஸ்பீக்கரில் போட்டாள். அம்மா, "பாத்தியா, நல்ல மனுஷன்தான்டி" என்றாள். அக்கா பெட்டியைத் திறந்து, என் நீலச் சுடிதாரை எடுத்து, என் அலமாரியில் வைத்தாள். வைத்துவிட்டுச் சிரித்தாள். நான் ஒரு குரலும் பேசாமலேயே சிரித்தாள் அண்ணே. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த நம்பருக்கு அவளும் வாய்ஸ் நோட்டிலேயே பதில் அனுப்பியிருக்கிறாள். ரஹ்மத் எனக்கு அனுப்பி வைத்தாள். "அண்ணாச்சி, ரொம்ப நன்றி. மூணு வருஷத்துல யாரும் என்கிட்ட இப்படிச் சொன்னதில்ல. ஏழு கடையும் நல்லா பண்ணித் தாரேன் அண்ணாச்சி." ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். எனக்கு எல்லாக் குரலும் வரும் என்று சொன்னேனே, அந்தக் குரல் மட்டும் வராது.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். கோயம்புத்தூருக்கு வேண்டாமென்று எழுதிவிட்டதாகச் சொன்னாள். அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்று நீங்க நினைக்கிறது தெரியுது. அன்றைக்கு அவள் உளுந்த வடை வாங்கி வந்திருந்தாள். சாப்பிடும்போது எப்படிச் சொல்வது? "இந்தாடி, ரெண்டு எடுத்துக்கோ" என்றாள். நான் மூன்று தின்றேன்.

அதற்கப்புறம் பத்து நாள். டேப்பையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏறி, சங்கரன்கோவில், தென்காசி, சாத்தூர் என்று ஏழு கடைக்கும் போய் வந்தாள். அத்தனை கட்டிலையும் பீரோவையும் அளந்தாள். யாரும் போகச் சொல்லவில்லை. தானாகப் போனாள். ஒரு திங்கட்கிழமை காலையில் தலைக்குக் குளித்து, லேப்டாப்பைப் பையில் போட்டு, இதோ உங்களைப் போலவே கட்டிப் பிடித்துக்கொண்டு இந்தக் கடைக்கு வந்தாள்.

நடந்ததைக் கொம்பையா அண்ணன்தான் சொன்னார். அக்கா சொல்லவில்லை. அந்த கேஷ் கவுண்டருக்கு முன்னால்தான். அண்ணாச்சி ஏழு கடையா, யார் சொன்னது என்றிருக்கிறார். நீங்கதான் அண்ணாச்சி என்று அக்கா போனை எடுத்து அந்தப் பத்தொன்பது விநாடியைப் போட்டுக் காட்டியிருக்கிறாள். எல்லாரும் சுற்றி நின்று கேட்டிருக்கிறார்கள். அண்ணாச்சி முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னாராம்: "கொரலு என்னுதுதான். ஆனா இந்த வாயி இப்படிப் பேசாதே! என் பொண்டாட்டி வச்ச கொழம்பையே நான் நல்லாருக்குன்னு சொன்னதில்ல."

கடை முழுக்கச் சிரிப்பு. கொம்பையா அண்ணனும் சிரித்திருக்கிறார். அதை அவரே என்னிடம் ஒத்துக்கொண்டார்.

அப்புறம் அண்ணாச்சி, "ஏழு கடைக்கும் வேற ஆள் பாத்தாச்சும்மா. ரெண்டு நாள்ல முடிச்சுத் தாரேன்னிருக்கான்" என்றாராம்.

அது நீங்கதானோ?

தலையைக் குனியாதீங்க. கோபமில்லை. ரெண்டு நாள் என்று நீங்களாகச் சொன்னீங்களா, அவர் சொன்னதற்குத் தலையாட்டினீங்களா? சரி, விடுங்க. எங்கள் அக்காவும் ஆட்டியவள்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திட்டவில்லை, அழவில்லை. "பெனி, அண்ணாச்சி மாதிரிப் பேசேன்" என்றாள். எனக்கு உயிரே வந்தது அண்ணே. பழைய அக்கா, சிரிக்கப்போகிறாள், அவளுக்கு என்மேல் சந்தேகம் இல்லை! தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏதோ ஒண்ணு கொறையுதே தாயி" என்றேன். அக்கா கண்ணை மூடிக் கேட்டாள்.

"ம். கிராம்பு போட்டுக்கோ" என்றாள். "வாய்ஸ் நோட்டுல போட்டிருந்தல்ல, அதுல சரியா வந்திருந்துச்சு."

அவ்வளவுதான். எழுந்து போய் அரிசி களைந்தாள். நான் பின்னாலேயே போய், "அக்கா, விளையாட்டுக்குத்தான்" என்றேன். "தெரியும்" என்றாள். "நீ சிரிக்கணும்னுதான்" என்றேன். "தெரியும்டி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, தண்ணீரை வடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள். "எங்கயும் போயிராதன்னு சொன்னது அண்ணாச்சியாடி?"

என்ன கேள்வி இது? அண்ணாச்சி எங்கே சொன்னார், எல்லாமே நான் சொன்னதுதானே? எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனால் அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

கோயம்புத்தூரில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். நானே போன் பண்ணிக் கேட்டேன், என் சொந்தக் குரலில். அக்கா திங்கட்கிழமையிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மருந்துக்கடையில் பில் போட உட்காரப்போகிறாள். நேற்று லேப்டாப்பைத் துடைத்து என் மேஜையில் வைத்தாள். "உனக்குக் காலேஜுக்கு ஆகும்." திறந்து பார்த்தேன். எல்லாவற்றையும் அழித்திருக்கிறாள். மூன்று வருஷ வேலையும். இந்த டெமோ ஒன்றுதான் எங்கேயோ சர்வரில் தப்பிக் கிடக்கிறது, மறந்திருப்பாள். அவளுடைய போனில் என் பத்தொன்பது விநாடி மட்டும் இருக்கிறது, நட்சத்திரம் போட்டு. பொய்யென்று தெரிந்த பிறகும் அதை அழிக்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை அண்ணே.

அதனால்தான் வந்தேன். அண்ணாச்சியைப் பார்த்து, நான்தான் செய்தேன் என்று காலில் விழுந்துவிட்டு, அந்தப் பத்தொன்பது விநாடியை அவர் வாயால் சொல்லச் சொல்லப்போகிறேன். ஏழு கடை வேண்டாம். நல்லாருக்கு என்று மட்டும். பாருங்க, எழுதியே கொண்டு வந்திருக்கிறேன். சொல்ல மாட்டார், இல்லையா? குழம்புக்கே சொல்லாத ஆள்.

சொன்னாலும் அக்கா நம்ப மாட்டாள். நான்தான் கிராம்பு போட்டிருக்கிறேன் என்று நினைப்பாள். இனி யார் குரல் வந்தாலும் நான்தான் என்றே நினைப்பாள்.

என்ன அண்ணே, இன்னும் அந்த டெமோவையா பார்க்கிறீங்க? எண்ணைப் போட்டுப் பார்த்தீங்களா! முப்பது அங்குலம். உங்க வீட்டு வாசலா? சின்ன வாசல்தான். பெரிய பீரோ நுழையாது என்கிறது. அந்த மூன்று கதவு பீரோவைக் கழற்றி உள்ளே மாட்டலாமாம். அதையே பார்த்துக்கொண்டிருக்கிறீங்களே. அண்ணாச்சி ஐந்து மாதத்தில் ஒருநாளும் அங்கே ஒரு எண்ணைப் போட்டதில்லை.

இதோ, கொம்பையா அண்ணன் வந்துவிட்டார். "வெப்சைட் தம்பி, மேல வரச் சொல்லுதாங்க." உங்களைத்தான்.

ஒரு நிமிஷம். போயிராதீங்க அண்ணே, ஒரே நிமிஷம்.

இவ்வளவு நேரத்தில் நீங்க ஒரு வார்த்தை பேசவில்லை. நான் எங்கே பேசவிட்டேன்? உங்க குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கேட்காத குரலை என்னால் செய்ய முடியாது, அது அக்காவுக்கும் தெரியும். அக்காவுக்கு ஒரு வாய்ஸ் நோட்டில் அந்த வாசலைப் பற்றிச் சொல்லுங்க. முப்பது அங்குலம் போட்டீங்களே, அதைச் சொல்லுங்க. நல்லாருந்தால் நல்லாருக்கு, இல்லையென்றால் இல்லை. உங்க பெயரையும் ஊரையும் சொல்லுங்க. நீங்க சொல்வதைத் திரும்ப ஒருநாளும் நான் செய்து பார்க்க மாட்டேன், சத்தியம்.

இதோ, அக்கா நம்பர். மைக்கை அமுக்கிப் பிடித்திருக்கிறேன். கிராம்பையெல்லாம் அந்தக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டேன், பாருங்க, வாயில் ஒன்றும் இல்லை.

பேசுங்க அண்ணே. நான் மூச்சுகூட விட மாட்டேன்.